‘குடும்பத்துடன்’ என்னும் அளவுகோல்: எல்லைப்புறத் தமிழ் வீட்டில் ஒரு மலையாள நகைச்சுவைத் தொடர்

தொலைக்காட்சித் தொடர் ஒன்றைக் ‘குடும்பத்துடன் பார்க்கத்தக்கது’ என்றோ ‘தகாதது’ என்றோ தீர்ப்பளிப்பது, திறனாய்வாளர் அல்லாதாரும் நாள்தோறும் செய்துவரும் திறனாய்வுச் செயலாகும். இத்தீர்ப்பு பெரும்பாலும் ஒழுக்கம் பற்றியதாகக் கொள்ளப்பட்டு, உளவியலாரிடமும் சட்டத்தாரிடமும் விடப்பட்டுள்ளது. ஆயின் தீர்ப்புக்கு உரிய பொருள் பெரும்பான்மையும் பேச்சே. அதிலும் நகைச்சுவைத் தொடர் என்பது ஒரே கூடத்தில், ஒரே மாந்தர், நாள்தோறும் பேசிக்கொண்டிருப்பதையே உள்ளீடாகக் கொண்டது. ஆதலின் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இதில் கருத்துரைக்க உரிமை உடையர் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தொடர் ‘உப்பும் முளகும்’. ஃபிளவர்ஸ் மலையாளத் தொலைக்காட்சியில் 2015 டிசம்பரில் தொடங்கியது, ஆர். உண்ணிகிருஷ்ணன் இயக்கியது. ஆய்வுக்கு உரிய களம் பாலக்காடு மாவட்டத்தின் எலப்புள்ளியும் அதனைச் சூழ்ந்த எல்லைப்பகுதியும். வீட்டில் தமிழும், அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் மலையாளமும் வழங்கும் இத்தகைய இடங்களில், ஒரே பெட்டியில் சன் தொலைக்காட்சியும் ஃபிளவர்ஸும் மாறிமாறி வருகின்றன. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதித் தோட்டக் குடியிருப்புகளுக்கும் இது பெரிதும் பொருந்தும். ஒரு மொழிக்குள் நின்று ‘தகும், தகாது’ என்று சொல்லப்படும் தீர்ப்பு, இரண்டு மொழி கேட்கும் கூடத்தில் என்ன ஆகிறது என்பதே வினா.

தொடரின் இலக்கணம்

‘குடும்பத்துடன் பார்க்கத்தக்கது’ என்னும் தொடரிலேயே ஆராய்ச்சியைத் தொடங்கலாம். திரைப்பட விளம்பரங்கள் வழியே இத்தொடர் தமிழில் மரபுத்தொடரின் நிலையை எய்திவிட்டது. மலையாளத்தில் இதற்கு நிகராக வழங்குவது ‘குடும்பசமேதம்’ என்பது. நம் காதுக்குச் ‘சமேத’ என்றவுடன் வள்ளி தெய்வானையே நினைவுக்கு வருவர். மலையாளியருக்குத் திரையரங்கும் நினைவுக்கு வரும்.

இங்கு ‘உடன்’ என்பது மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருளில் வந்தது. எனவே இத்தொடர் பார்ப்பவரைப் பற்றியதும் அன்று, பார்க்கப்படும் பொருளைப் பற்றியதும் அன்று; பார்ப்பவர்களுக்கு இடையே உள்ள உறவைப் பற்றியது. இதனை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. இருபத்தைந்து வயது மகளும் ஐம்பத்தைந்து வயதுத் தந்தையும் தனித்தனியே பார்த்தால் எவ்விடரும் இல்லாத ஒரு காட்சி, இருவரும் ஒரே கட்டிலில் அமர்ந்து பார்க்கும்போது தகாததாகிறது. மாறாக, ஏழு வயதுச் சிறுவன் பொருள் புரியாமல் கடந்துபோகும் ஓர் இரட்டுறமொழி, மாமியாரும் மருமகனும் உடனிருக்கும்போது அவ்விருவரையும் தலைகுனிய வைக்கிறது. சிறுவனுக்கு ஒரு கேடும் இல்லை, இடர்ப்பட்டவர் பெரியவர்களே.

ஒடு உருபு உடனிகழ்வனவற்றுள் உயர்ந்ததன் பெயரோடு சேர்ந்து வரும் என்பது தொல்காப்பிய விதி. அரசனொடு இளையர் வந்தார் என்பதே முறை. அவ்விதியை இங்குப் பொருத்தின், ‘குடும்பத்தோடு பார்த்தேன்’ என்பதில் குடும்பமே உயர்ந்தது. பார்ப்பவன் அதன் பின்னே வருபவன். தனியொருவனின் விருப்பம் இரண்டாம் இடத்திற்குத் தள்ளப்பட்டிருப்பதை உருபே காட்டிவிடுகிறது.

அவையும் கூடமும்

இவ்வளவுகோல் தமிழ் இலக்கண மரபிற்குப் புதியதன்று. அவையில் சொல்லத்தகாத சொல்லை மறைத்துச் சொல்லுக என்று எச்சவியல் விதிக்கிறது. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்கினார். இவற்றுள் இடக்கரடக்கலுக்குச் சொல்லின் இழிவு மட்டும் காரணமன்று. எந்த அவை என்பதே காரணம். ‘அவையல் கிளவி’ என்ற பெயரே தீர்ப்புக்கு உரிய இடம் அவைதான் என்று சொல்கிறது. மருத்துவர் அறையில் இயல்பான சொல், பந்தியில் இடக்கர் ஆகிறது.

இன்றைய வீட்டின் தொலைக்காட்சிக் கூடம் ஓர் அவை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பழைய அவையில் பேசுபவன் அவையை நேரில் கண்டு, அதற்கேற்ப அடக்கிப் பேசினான். தொலைக்காட்சியில் பேசுபவனுக்கு அவை தெரியாது. அடக்கும் பொறுப்பு கேட்பவர் கைக்கு மாறிவிட்டது. அதன் கருவி தொலைவியக்கி. திடீரென்று ஒருவர் அலைவரிசையை மாற்றுவதும், மற்றவர் தண்ணீர் குடிக்க எழுந்து செல்வதும் நம் காலத்து இடக்கரடக்கல்கள்.

‘குடும்பம்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு இன்றியமையாதது. திருக்குறளில் குடிசெயல்வகை அதிகாரத்தில் இச்சொல் வருகிறது. தன் குடும்பத்திற்கு வரும் குற்றத்தை மறைத்துக் காப்பவனது உடல் துன்பத்திற்கே கொள்கலமோ என்று அங்கு வினவப்படுகிறது. நகைச்சுவைத் தொடரோ இதற்கு நேர்மாறானது. குடும்பத்தின் குற்றங்களை ஒன்றும் மறைக்காமல் கூடத்தில் பரப்பி வைப்பதே அதன் தொழில். அப்படிப் பரப்புவதைக் குடும்பமே கூடியிருந்து பார்த்துச் சிரிக்கத் தகும் என்று நாம் சொல்வது எப்படி? இதற்கு விடை, எதைக் கண்டு சிரிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

வயதும் உறவும்

சட்டத்தின் அளவுகோலை விரைவாகக் கண்டு செல்லலாம். கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1995இலும் அதன் விதிகள் 1994இலும் அமைந்தவை. விதிகளின் ஆறாம் விதியே நிகழ்ச்சி நெறிமுறை. நற்சுவைக்கும் கண்ணியத்திற்கும் மாறானவை, பெண்களையும் குழந்தைகளையும் இழிவுபடுத்துபவை, கட்டுப்பாடற்ற பொதுக் காட்சிக்குத் தகாதவை முதலியன விலக்கப்பட்டுள்ளன. குழந்தைகளுக்கு ஒவ்வாதவற்றைக் குழந்தைகள் மிகுதியாகப் பார்க்கும் நேரத்தில் ஒளிபரப்பலாகாது என்றும் உள்ளது. 2011இல் ஒளிபரப்பாளர் தம் அமைப்பின் வழியே ஒரு முறையீட்டு மன்றத்தை நிறுவிக்கொண்டனர். பொதுவானவை, இரவு 11 மணிக்குமேல் மட்டும் உரியவை என்ற பகுப்பு அவர்களது நெறிமுறையில் உள்ளது. 2021ஆம் ஆண்டு எண்ணிம ஊடக விதிகள் இணையத் தொடர்களை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என ஐந்தாகப் பிரித்தன. திரைப்படச் சட்டமும் 2023இல் இவ்வயதுப் படிகளை ஏற்றது.

இவையனைத்தும் ‘பார்ப்பவருக்கு எத்தனை வயது’ என்று கேட்கின்றன. நம் மரபுத்தொடரோ ‘யாருடன்’ என்று கேட்கிறது. வயது எண்ணால் அளக்கப்படுவது, உறவு அளக்கமுடியாதது. சட்டம் எண்ணை நாடியதில் வியப்பில்லை. ஆனால் ‘யு’ என்ற சான்று பெற்றது ‘குடும்பத்துடன் பார்க்கத்தக்கது’ என்று மொழிபெயர்க்கப்படும்போது மொழிபெயர்ப்பாளர் இரு வேறு அளவுகோல்களை ஒன்றாக்கிவிடுகிறார். அப்பிழை நம் செய்தித்தாள்களில் மிகப் பரவலானது.

கடிகாரத்தை வைத்துக் குடும்பத்தைக் காக்க முயன்ற அமெரிக்க வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. சி.பி.எஸ். நிறுவனத்தில் 1971இல் தொடங்கிய ‘ஆல் இன் த ஃபேமிலி’ என்ற நகைச்சுவைத் தொடரின் தலைப்பிலேயே குடும்பம் இருந்தது. அதன் தலைமகன் ஆர்ச்சி பங்கர் இனவெறுப்பும் முன்முடிவும் நிறைந்தவன். அவனது அறியாமையை நகையாடுவதே ஆக்கியோர் நோக்கம். 1975இல் முன்னிரவு நேரம் குடும்பத்திற்கென ஒதுக்கப்பட்டபோது, குடும்பத்தின் பெயர்கொண்ட அத்தொடர் குடும்ப நேரத்திலிருந்து நகர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டே அவ்வேற்பாடு முறையற்றது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமக்கு இதனினும் பயன்படுவது வித்மர், ரோகீச் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு. முன்முடிவு மிக்க பார்வையாளர் ஆர்ச்சியை எள்ளவில்லை. அவனைப் போற்றினர், அவன் வாதில் வென்றதாகவே கொண்டனர் என்பது அவர்கள் கண்டது. நகைப்பொருள் எழுதுபவன் கையில் இல்லை, பார்ப்பவன் கையில் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

நகையின் நிலைக்களன்கள்

மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறும்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பேராசிரியர் எள்ளலைப் பிறரை எள்ளுதல், பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுதல் என இருவகையாகக் காண்பார். பேதைமையை அறிவின்மை என்றும், மடனைப் பிறர் கொளுத்தியதை விடாது பற்றிநிற்றல் என்றும் பிரிப்பார். மேலைநாட்டு நகைக் கோட்பாடுகளை இறக்குமதி செய்யாமலே ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பகுத்துணர இந்நான்கும் போதும்.

‘உப்பும் முளகும்’ தொடரில் பாலு என்கிற பாலச்சந்திரனாகப் பிஜு சோபானமும், மனைவி நீலுவாக நிஷா சாரங்கும் நடித்தனர். மூத்தவன் விஷ்ணு; சுருள்முடியால் ‘முடியன்’ என்று அழைக்கப்படுபவன். அடுத்து லெச்சு, கேசு, சிவானி. தொடர் வளர்ந்துகொண்டிருந்தபோதே ஐந்தாவதாகப் பாருக்குட்டி வந்தாள். வில்லன் இல்லை, விடம் வைத்தல் இல்லை, நகை அணிந்து உறங்கும் மருமகள் இல்லை. பணமுடை, பள்ளிக்கூடம், சமையல், சுற்றத்தார் வருகை ஆகியவையே கதை. உரையாடல் எழுதிப் படித்ததாக ஒலிக்காமல் பேச்சாகவே ஒலிக்கிறது. ஒருவர் பேச்சின்மீது மற்றவர் பேச்சு ஏறுகிறது. தொடர்கள் முடியாமல் நிற்கின்றன. பேச்சுமொழி ஆய்வாளருக்கு இது நல்ல தரவு.

இத்தொடரின் நகை பெரும்பாலும் இளமையையும் பேதைமையையும் இடமாகக் கொண்டது. பிள்ளைகளின் சூழ்ச்சி இளமையைச் சார்ந்தது. தந்தையின் வீண்பெருமையும் வேலைக்கு ஒளிதலும் பேதைமையைச் சார்ந்தன. எள்ளல் உண்டு, ஆனால் அது வீட்டிற்குள் சுற்றிவந்து, எள்ளியவன்மீதே திரும்புகிறது. பேராசிரியர் கூறும் இரண்டாம் வகை எள்ளல், அதாவது எள்ளப்பட்டவனே நகுதல், இங்கு மிகுதி. குடும்பம் தன் குற்றத்தைக் கண்டு தானே சிரிக்க முடிவது இவ்வகையால்தான். சன் தொலைக்காட்சியின் ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ தொடரில் மாமியாரும் மருமகளும் பாப்பாக்களாகப் பெயர்பெற்றிருப்பதும் இளமையைப் பெரியவர்மேல் ஏற்றிக் காட்டும் உத்தியே. ஆனால் அங்கு எள்ளல் ஒருவரிடமிருந்து மற்றவர்க்குச் செல்கிறது. திரும்பி வருவது குறைவு. இவ்விரண்டில் எது கூடத்திற்கு ஏற்றது என்று கேட்டால் தயங்காமல் முன்னதையே சொல்வேன்.

எனினும் ஒரு குறையை மறைப்பதற்கில்லை. பாலுவின் சோம்பல் நமக்கு நகையாவது, நீலுவின் உழைப்பு இடையறாமல் நடைபெறுவதால்தான். அடுப்பு எரியாமல் போனால் அச்சோம்பல் நகையாகாது, அழுகையாகும். தொடரில் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. அதை எரிப்பவர் யார் என்பது நகைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளது. கெட்ட சொல் ஒன்றும் இல்லாத காரணத்தால் ‘குடும்பத்துடன் பார்க்கத்தக்கது’ என்று சான்று தரும் நாம் இதனைக் காண்பதே இல்லை.

பாருக்குட்டியின் வருகை இவ்வளவுகோலுக்கு நேரான சோதனை. வளர்ந்த பிள்ளைகள் இருக்கையில் தாய் மீண்டும் கருவுறுவது பழைய குடும்பங்களில் இயல்பு. இன்றைய கூடத்திலோ கூச்சத்திற்குரியது. இந்தித் திரையுலகில் 2018இல் வந்த ‘பதாயி ஹோ’ இதே பொருளைக் கையாண்டது. இதனைக் குடும்பத்துடன் பார்க்கலாமா? பார்க்கலாம் என்பதே என் கருத்து. கூச்சம் காட்சியில் இல்லை. நம் நாவில் உள்ளது. அந்நாவிற்கு உதவவே தமிழ் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று மங்கலமாகச் சொல்லக் கற்றது. ‘விசேஷம்’ என்னும் மறைசொல்லைத் தமிழும் மலையாளமும் பொதுவாகக் கொண்டுள்ளன. ஆனால் மலையாளத்தில் ‘எந்தா விசேஷம்’ என்பது வழியில் கண்டவரை நலம் கேட்கும் வெறும் முகமன். புதிதாக மணமான தமிழ்ப் பெண்ணிடம் அடுத்த வீட்டு மலையாளி அவ்வாறு கேட்டால், முகமன் எது மறைமொழி எது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிருந்துதான் எல்லைப்புறக் காதின் சிக்கல் தொடங்குகிறது.

எல்லைப்புறக் காது

எலப்புள்ளித் தமிழர்க்கு மலையாளம் அயல்மொழி அன்று. 1956 நவம்பரில் கேரளம் அமைவதற்குமுன் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்திலும், அருகே சித்தூர் கொச்சி நாட்டிலும் இருந்தன. கிழக்கே கொங்குத் தமிழ். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை உள்ளது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர்க்குத் தம்மொழியில் அரசுக்கு எழுதும் உரிமையை அளித்தது. ஆதலால் இங்கு மலையாளத் தொடர் மொழிபெயர்ப்பின்றியே பார்க்கப்படுகிறது. மொழிபெயர்ப்பு நிகழ்வது காதிற்குள்.

‘சம்மந்தி அரைக்க வேண்டும்’ என்று மலையாளத் தாய் அடுக்களையில் சொன்னால் அது துவையல் அரைப்பது. தமிழ்க் காதில் அரைபடுபவர் மகளின் மாமனார். அங்கு நகையே கருதப்படாத இடத்தில் இங்கு எள்ளல் பிறக்கிறது. சம்பந்தியே உடனிருந்து பார்த்தால் பிறகு சொல்வதற்கில்லை. ‘முடியன்’ இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. முடி என்ற சொல் இரு மொழிக்கும் பொது. இரு மொழியிலும் அது ‘மயிர்’ என்பதன் இடத்தை இடக்கரடக்கலாகப் பிடித்துக்கொண்டது. சங்கத் தமிழில் குற்றமற்றிருந்த மயிர் இன்றைய தமிழ்ப் பேச்சில் வசையாக இறங்கிற்று. மலையாளத்தில் அதன் இனச்சொல் இன்னும் ஆழத்தில் விழுந்து, கூடத்தில் ஒலிக்கவே கூடாததாயிற்று. எனவே பழைய தமிழ்ப் பாட்டைப் பாடமாக உரக்கப் படிக்கும் எல்லைப்புறச் சிறுவன், அண்டை வீட்டாரைத் திடுக்கிடச் செய்தல் கூடும்.

‘தள்ளை’ என்பதோ இன்னும் நுட்பமானது. குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர் என்பது திசைச்சொல்லுக்கு உரையாசிரியர்கள் வழிவழியாகக் காட்டும் எடுத்துக்காட்டு. அக்குட்டநாட்டின் இன்றைய மொழியில் ‘தள்ள’ என்பது குஞ்சு பொரித்த கோழிக்கு ஆகும்; மனிதத் தாய்க்குச் சொன்னால் இழிவு. திருவனந்தபுரம் வழக்கிலோ ‘தள்ளே’ என்பது வெறும் வியப்பிடைச்சொல். 2005இல் மம்மூட்டி நடித்த ‘ராஜமாணிக்யம்’ அதனைக் கேரளம் முழுதும் பரப்பியது. ஒரே சொல் ஓரிடத்தில் இலக்கணச் சான்று, ஓரிடத்தில் வசை, ஓரிடத்தில் வியப்பு. சொற்பட்டியல் வைத்துத் தணிக்கை செய்வோர் இதனை எப்பட்டியலில் சேர்ப்பர் என்பது தெரியவில்லை.

சொற்களைக் காட்டிலும் விகுதிகளே மொழிபெயர்ப்பாளரைப் பெரிதும் வருத்துவன. மலையாள வினைமுற்றில் திணை, பால், எண், இட விகுதிகள் இல்லை. ‘அச்சன் பறஞ்ஞு’ என்பதில் தந்தைக்கு மதிப்பும் இல்லை, அவமதிப்பும் இல்லை. தமிழ் அவ்வாறு விடாது. சொன்னான், சொன்னார், சொன்னாங்க என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்; கொங்கு வழக்கிலோ ‘அம்மா வந்துச்சு’ என்று அஃறிணை விகுதியே அன்பின் அடையாளமாக வரும். முன்னிலையிலும் இதே நிலை. தந்தையின் முகத்தை நோக்கியே ‘அச்சன் எவிடெ போயி’ என்று கேட்டுப் பதிலிடுபெயரைத் தவிர்த்துவிடுகிறான் மலையாளப் பிள்ளை. தமிழில் நீயா, நீங்களா என்ற முடிவைத் தள்ளிப்போட இயலாது. பாலுவின் பிள்ளைகள் தந்தையை நையாண்டி செய்யும் இடங்களில் இம்முடிவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ‘நீங்க’ என்றால் நையாண்டி நாடகத்தனமாகும். ‘நீ’ என்றால் பிள்ளை மரியாதை கெட்டவன் ஆவான். மூலத்தில் இரண்டும் இல்லை. மனைவி கணவனை ‘மனுஷ்யா’ என்று விளிப்பது மலையாளக் குடும்ப நகைச்சுவையின் வாடிக்கை. அலுப்பும் உரிமையும் கலந்த விளி அது. ‘ஏனுங்க’ என்று விளிக்கும் கொங்குப் பெண்ணின் காதிற்கு அது வேலிதாண்டிய சொல். ‘மலையாளத் தொடரில் மரியாதை இல்லை’ என்ற எல்லைப்புறத் தீர்ப்பின் ஒரு பாதி, விகுதியின் இன்மையை மரியாதையின் இன்மையாக எண்ணிய தீர்ப்பே.

இரு வசைகள்

இவற்றையெல்லாம் பொறுக்கத்தக்க இடர்கள் எனலாம். பொறுக்கத்தகாதவை வேறு உள்ளன.

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் ‘மலையாளப் படம்’ என்ற தொடர் ஒரு மொழியின் பெயரைக் குறிக்கவில்லை. ஐ. வி. சசியின் ‘அவளுடெ ராவுகள்’ 1978இல் வந்தபின் அத்தொடர் மெல்லமெல்ல வயதுவந்தோர் படத்திற்கு இடக்கரடக்கல் ஆயிற்று. சுவரொட்டியில் ‘மலையாளப் படம்’ என்றிருந்தால் போதும். வேறு விளக்கம் வேண்டியதில்லை. அதாவது ‘குடும்பப் படம்’ என்பதன் எதிர்ச்சொல்லாக ஒரு தேசிய இனத்தின் மொழிப்பெயர் தமிழில் வழங்கிற்று. சத்யன் அந்திக்காட்டின் வீட்டுக் கதைகளைக் குடும்பசமேதம் கண்டுகொண்டிருந்த மலையாளியர்க்கு இது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. இன்று அதே தமிழ்நாட்டில் ‘மலையாளப் படம்’ என்றால் இயல்பும் நேர்மையும் கொண்ட படம் என்ற பொருள் வந்துவிட்டது. சொற்பொருள் உயர்வுக்கு வகுப்பறையில் காட்டத்தக்க எடுத்துக்காட்டு. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் எல்லையில் வாழ்ந்தவர் இச்சொல்லோடு வாழ நேர்ந்தது.

மறுபுறத்தில் ‘பாண்டி’. பாண்டிய நாட்டைக் குறித்த இச்சொல், மலையாளத்தில் பாண்டி மேளம் என்ற கோயில் இசைப் பெயரில் மதிப்போடு வழங்குகிறது. தமிழ்நாட்டுச் சரக்குந்தைக் குறிக்கும் பாண்டிலோரியில் பாதி மதிப்போடு நிற்கிறது. தமிழரைக் குறிக்கும்போது மதிப்பு முற்றும் இழக்கிறது. 2005இல் வந்த ‘பாண்டிப்பட’ என்ற நகைச்சுவைத் திரைப்படத்தின் தலைப்பிலேயே அது உள்ளது. மேடை நகைச்சுவையிலும் தொலைக்காட்சித் துணுக்குகளிலும் தமிழன் வந்தால் பெரும்பாலும் எண்ணெய்த் தலையும், உரத்த குரலும், அரைமலையாளமும் உடையவனாகவே வருகிறான். இது இளமையுமன்று, பேதைமையுமன்று. எள்ளலின் முதல் வகை. எள்ளப்பட்டவன் தானும் நகுவதற்கு அதில் இடமில்லை.

இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது 1990இல் வந்த ‘மைக்கேல் மதன காம ராஜன்’. கிரேசி மோகன் உரையாடல் எழுதிய அப்படத்தில் கமல்ஹாசனின் நான்கு வேடங்களுள் ஒன்று பாலக்காட்டுச் சமையற்காரர் காமேசுவரன். அவரது பாலக்காட்டுத் தமிழ் முழுதும் நகைக்குரியதாக அமைந்துள்ளது. ஆயினும் சாம்பாரில் மீன் விழுந்த இடத்தில் நாம் சிரிப்பது அவரது வழக்கைக் கண்டு அன்று. அவரது அச்சத்தையும் வெள்ளையுள்ளத்தையும் கண்டு. வழக்கு அவ்வெள்ளையுள்ளத்தின் ஒலியாகிறது. அவர் அறிவற்றவர் என்பதற்கு அது சான்றாக்கப்படவில்லை. எல்லைப்புறத் தமிழை எள்ளாமல் நகைக்கு ஆக்கலாம் என்பதற்கு இது போதிய சான்று.

வியப்பிற்குரியது என்னவெனில், நிகழ்ச்சி நெறிமுறை இதனை அறிந்தே உள்ளது. இன, மொழி, வட்டாரக் குழுவினரைச் சித்திரிப்பதில் அவதூறும், வஞ்சப்புகழ்ச்சியும், செருக்கும் கொண்ட மனப்பாங்கைக் காட்டும் சொல்லையும் காட்சியையும் அதன் ஓர் உட்பிரிவு விலக்குகிறது. ‘வஞ்சப்புகழ்ச்சி’ என்று நான் பெயர்த்துள்ள சொல்லைச் சட்ட வரைவாளர் எப்பொருளில் இட்டனர் என்பது ஐயத்திற்குரியது. அங்கதம் என்றே கொண்டால் நகைச்சுவைத் தொடர் ஒன்றுகூட நாட்டில் நடைபெற வழியில்லை. ஏளனம் என்று கொள்வதே பொருந்தும். எப்படியாயினும், குடும்பத்துடன் பார்க்கத்தக்கதா என்று வீட்டார் எண்ணும்போது இவ்வுட்பிரிவை ஒருவரும் நினைப்பதில்லை. முத்தக் காட்சிக்கு நீளும் கை, ‘பாண்டி’ என்ற சொல்லுக்குத் தொலைவியக்கியை நோக்கி நீள்வதில்லை. தந்தை கேட்காததுபோல் இருந்துவிடுகிறார். மலையாளப் பள்ளியில் படிக்கும் மகள், கூட இருக்கும் தோழியோடு சேர்ந்து சிரிக்கிறாள். சிரிக்காவிட்டால் தான் யார் என்பது வெளிப்பட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அக்கூடத்தில் தகாதது நிகழ்ந்துவிட்டது. காட்சியில் ஒருவரும் ஆடை குலையவில்லை.

‘உப்பும் முளகும்’ தொடரின் நகை வீட்டிற்குள்ளேயே சுழல்வதால் பெரும்பாலும் இக்குற்றத்திலிருந்து தப்புகிறது. எலப்புள்ளி வீட்டிற்கு அதனைத் தக்கது என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் அதில் ஆபாசம் குறைவு என்பதன்று, இதுவே. மொழிபெயர்ப்பாளர்க்கு எஞ்சும் வேலை நடைமுறை சார்ந்தது. மலையாள நகைச்சுவைக்குத் தமிழ்த் துணையுரை எழுதுவோர் ‘பாண்டி’ வரும் இடத்தைத் ‘தமிழன்’ என்று மாற்றிவிடும்போது, வசையைத் துடைத்து, வசைபட்டவனுக்கே அதை மறைத்துத் தருகின்றனர்; தமிழ்த் தொடருக்கு மலையாளத் துணையுரை எழுதுவோர் தேநீர்க்கடை நாயரை வெறும் ‘கடைக்காரன்’ ஆக்குவதும் இதே செயல். அவையல் கிளவியை மறைக்கச் சொன்ன இலக்கணம், சொல்பவன் தானே அடக்கிச் சொல்லவேண்டும் என்றது. பிறன் சொன்ன இழிவை இடைநின்றவன் அடக்கித் தரவேண்டும் என்று சொல்லவில்லை. துணையுரையில் ‘பாண்டி’ பாண்டியாகவே நிற்கட்டும். அதனைக் கூடத்தில் உள்ளோர் ஒருமுறை எழுத்தாகப் படித்தபின், தொலைவியக்கியை எடுப்பதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்வர்.